அற்புதமணி டீச்சரின் ரேடியோகிராம்

பழைய ரேடியோகிராம் எதுவானாலும் ஒரே பார்வையில் பிறந்த ஊரையும் வருஷத்தையும் சொல்லிவிடுவார் என்று செந்தூர்வேலுக்குப் பெயர். ரேடியோவும் இசைத்தட்டுக் கருவியும் ஒரே மரப்பெட்டிக்குள் இருக்கும் அந்தக் காலத்துச் சாமான்களை, மாப்பிள்ளையூரணி வீட்டு மாடியில் வைத்துப் பழுது பார்ப்பார். பாலிடெக்னிக் வேலை போக மிச்ச நேரமெல்லாம் அதில்தான். அந்தப் பெயரில் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அற்புதமணி டீச்சர் தன் ரேடியோகிராமைப் பார்க்க அவரைத் தூத்துக்குடி வீட்டுக்கு அழைத்திருந்தார். மகன், மகள், பேரப்பிள்ளைகள் என்று கூடம் நிறைந்திருந்தது.

"எங்கப்பா கொழும்புல கடை வச்சிருந்தாவ தம்பி. தோணில ஏத்திக் கொண்டுவந்தது. அசல் சீமைச் சாமான்."

செந்தூர்வேல் மரத்தைத் தட்டிப் பார்த்தார். பின்பலகை ஓட்டை வழியே டார்ச் அடித்தார். நான்கு திருகாணிகளைக் கழற்றினால் உள்ளே பார்த்துவிடலாம். பையில் ஸ்குரூடிரைவரும் இருந்தது. கழற்றவில்லை.

"இது நம்மூரு ஆசாரி செஞ்ச பொட்டி டீச்சர். உங்கப்பாவ எவனோ நல்லா ஏமாத்திருக்கான்."

"இல்லன்னா தாத்தா நம்மள ஏமாத்திருக்காவ!" என்றான் மகன் ஜெபின். கூடமே சிரித்தது. செந்தூர்வேலும் சிரித்தார். டீச்சர் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், இவர் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. எப்படியாவது பாடினால் போதும் என்று ஜெபின் பெட்டியை அவர் வண்டியில் ஏற்றிவிட்டான். செந்தூர்வேல் அதைப் படமெடுத்து, 'தூத்துக்குடியில் பிறந்த சீமை ரேடியோ' என்று ரேடியோக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

பத்து நாள் கழித்துத்தான் பின்பலகையைத் திறந்தார். வால்வுகள், ஸ்பீக்கர், அடித்தகட்டின் எண் எல்லாமே அசல் இங்கிலாந்து. பெட்டியின் உட்புறம் பழைய பலகைத் துண்டு ஒன்று திருகி வைக்கப்பட்டிருந்தது. அதில் கொழும்புக் கடையின் சீட்டு. கீழே பென்சிலில்: 'தோணியில் தண்ணி ஏறிப் பெட்டி கெட்டது. அதே அளவில் புதுசு செய்தது. 1957.'

செந்தூர்வேலுக்குக் காது மடல் சுட்டது. யாருமில்லாத மாடியில் தலையைக் குனிந்துகொண்டார்.

பிப்ரவரியிலேயே பெட்டி பாடத் தொடங்கிவிட்டது. ஆனாலும் டீச்சர் போன் செய்தபோதெல்லாம் பார்ட் வரவில்லை என்று பொய் சொன்னார். ஒருநாள் தாங்கமாட்டாமல் போனிலேயே எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

 டீச்சர் சொன்னார்: "எங்கப்பாவக் கூடத்துல வச்சுப் பேசுனிய. இப்ப எங்கிட்ட மட்டும் ரகசியமாச் சொல்லுதிய. ஞாயித்துக்கிழமை பிள்ளைய எல்லாம் வருதாவ. வாங்க."

பெட்டியோடு போனார். பின்பலகையைத் திறந்து காட்டி, "பெரியவர் சொன்னதுதான் நெசம். நான் சரியாப் பாக்காம, பெரிய மனுஷன் மாதிரிப் பேசிட்டேன்" என்றார்.

"அதுக்கென்ன சார், தமாஷுதான" என்றான் ஜெபின்.

"எனக்குத் தமாஷா இல்லலே" என்றார் டீச்சர்.

டீச்சர் குனிந்து, அந்தப் பென்சில் எழுத்தை வாய்விட்டு ஒருமுறை படித்தார். செந்தூர்வேலுக்குக் காப்பி வந்தது. கொண்டுவந்தது மருமகள்.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தபடியே குழுவைத் திறந்தார். பழைய படத்தின் கீழே நாற்பத்தேழு சிரிப்புகள். போட்டதை எல்லார் போனிலும் அழிக்க வாட்ஸ்அப் தரும் கெடு எப்போதோ தாண்டியிருந்தது. பென்சில் எழுத்தின் படத்தைப் போட்டு, தான் சொன்னது தப்பு என்று எழுதினார். மாப்பிள்ளையூரணி வந்து சேரும்வரை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.