வானம் தைக்கிறவளின் முகம்

எங்கள் வீட்டுக் கூரைதான் மேல்வீட்டுக்காரர்களின் தரை. அதனால் அங்கே நடப்பது எனக்குத் தானாகத் தெரிந்துவிடுகிறது. நான் ஒட்டுக்கேட்கிறேன் என்று இந்தக் கட்டடத்தில் சொல்லித் திரிகிறவர்கள், ஒரு நாள் என் சமையலறையில் வந்து நின்று பார்க்கட்டும். நாற்காலி இழுபடும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு வேலை ஓடியதா, முரண்டு பிடித்ததா என்று சொல்லிவிடலாம்.

மேல்வீட்டில் இருப்பது அக்காளும் தங்கையும். அக்காள் நர்ஸ். தங்கை படக்கதை வரைகிறவள். வலது கை நடுவிரலில் மைக்கறை போனதே இல்லை என்பதால் நாங்கள் அவளை மைவிரல் என்போம். அவளுக்கும் அது தெரியும். அவள் வரைவது ஜப்பான் பாணிப் படக்கதை, அதற்கு மாங்கா என்று பெயராம். "காய் மட்டும்தானா, பழமும் உண்டா?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் தன் நகைச்சுவையைத் தானே மெச்சிக்கொண்டவர் என் வீட்டுக்காரர்.

இரண்டு வருஷமாக ஒரு மாதப் பத்திரிகையில் அந்தக் கதை வருகிறது. கதாநாயகி ஒரு மந்திரக்காரி. வானத்தில் கிழிசல் விழும், அதன் வழியாகப் பூதங்கள் இறங்கும். இவள் முழ நீள ஊசியோடு மேலே எழும்பி, பூதங்களை உள்ளே தள்ளி, கிழிசலைத் தைத்து மூடிவிட்டு இறங்குவாள். நாட்டிலேயே வேறு யாராலும் ஆகாத காரியம். ஏழு தளபதிகள் வாயைப் பிளந்து நிற்பார்கள். இவள் என்ன சொல்வாள் தெரியுமா? "காத்து நம்ம பக்கம் அடிச்சுது, அதான்." அடுத்த மாதம் மூன்று தலைப் பூதத்தை ஒற்றை ஆளாக அடக்குவாள். "அதுக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லை போல" என்பாள். படிக்கிற நமக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் மாதம் பிறந்தால் முதல் ஆளாகக் கடையில் போய் நிற்பது நான்தான்.

எனக்கு அடுத்து நிற்பவள் தெருமுனை டெய்லர். "அந்த வானத்துல போட்டிருக்கறது எல்லாம் நெசமான தையல்க்கா. நூல் எங்க இறுகும், எங்க தொய்யும்னு தெரிஞ்ச கை. இந்தப் பொண்ணு என் கடை வாசல்ல மணிக்கணக்கா நின்னப்ப, துணி திருட வந்தவன்னுல்ல நினைச்சேன்!" என்பாள்.

ஆனால் ஒரு குறையை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். கதாநாயகியின் முகம் முழுதாகத் தெரிவதே இல்லை. முடி மறைக்கும், முக்காடு மறைக்கும், புகை மறைக்கும், அதுவும் இல்லையென்றால் அவள் முதுகைக் காட்டி நிற்பாள். மாடிப்படியில் ஒரு நாள் மடக்கிக் கேட்டேன்.

"ஏம்மா, உன் மந்திரக்காரிக்கு மூஞ்சியே கிடையாதா?"

"எனக்கு மூஞ்சி வராதுக்கா." நீச்சல் வராது என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

காரணத்தை அக்காளிடமிருந்து கறந்தேன். மைவிரல் முன்பு ஐந்து வருஷம் ஒரு பெரிய ஓவியரிடம் உதவியாளராக இருந்தாளாம். அங்கே உதவியாளர்கள் மதில், மரம், குதிரை, கூட்டம் எல்லாம் வரையலாம். முகம் மட்டும் பெரியவர் கையால்தான். முகம் வரவேண்டிய இடத்தில் நீலப் பென்சிலால் ஒரு கூட்டல் குறி போட்டுக் காலியாக விட்டுவிட வேண்டும். அங்கிருந்து விலகி, சொந்தக் கதை தொடங்கி, வாசகர்களும் சேர்ந்தாயிற்று. கை மட்டும் அந்த நீலக் குறிக்குள் போக மாட்டேன் என்கிறது.

கதையின் கடைசிப் பாகம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பத்திரிகை அலுவலகம் போய்ச் சேர வேண்டியிருந்தது. அன்று மதியம் அக்காள் படியிறங்கி வந்தாள். முகம் சரியில்லை. நான் தற்செயலாகக் கதவைத் திறந்தேன்.

"பாருங்கக்கா இவளை! கடைசிப் பக்கத்தை வேற ஆளை வரையச் சொல்லிட்டா."

கடைசிப் பக்கத்தில் அரசவை கூடியிருக்கும். 'வானத்தைத் தைத்தது யார்?' என்று கேட்பார்கள். பக்கம் முழுக்க மந்திரக்காரியின் முகம், புகையும் முடியும் இல்லாமல். 'நான்தான் தைச்சேன்' என்பாள். இரண்டு வருஷக் கதையும் அந்த ஒரு வரிக்குத்தான். அதைத்தான் இவள் தன்னால் ஆகாது என்று, பழைய இடத்தில் பக்கத்து மேஜையில் இருந்த சுருட்டை முடிக்காரியைக் கூப்பிட்டிருக்கிறாள். சுருட்டை இப்போது பெரிய ஆள். அவள் வரைந்த முகங்கள் பள்ளிப் பைகளிலும் தண்ணீர்ப் பாட்டில்களிலும் கூட வருகின்றன. பத்திரிகை ஆசிரியரும் சம்மதித்துவிட்டார். ஒரே நிபந்தனை, கடைசிப் பக்கத்தின் அடியில் சுருட்டையின் பெயர்தான் வரும்.

"ரெண்டு வருஷம் வளத்துட்டு, சபையில நிறுத்தற நேரத்துல அடுத்தவ கையில பிடிச்சுக் குடுக்கறா" என்றாள் அக்காள்.

எனக்கு அவசரமாக ஒரு ஸ்குரூ டிரைவர் தேவைப்பட்டது. மூன்று வைத்திருக்கிறேன், நாலாவது இருந்தால் என்ன? மேலே போனேன்.

சாய்த்து வைத்த மேஜை, வளைகழுத்து விளக்கு, டம்ளர் நிறையப் பேனா முனைகள், மை காய வைக்க ஒரு ஹேர் டிரையர். பலகையில் அந்தப் பக்கம். கழுத்துப் பட்டையின் ஒவ்வொரு மடிப்பும், ஊசியைப் பிடித்த விரல்களின் ஒவ்வொரு கணுவும் பார்க்கப் பார்க்கப் பிரமிப்பாக இருந்தன. நடுவில் மட்டும் முட்டை வடிவத்தில் வெறும் வெள்ளை. அதற்குள் ஒரு நீலக் குறி.

இரண்டரைக்குச் சுருட்டை ஹெல்மெட்டோடு வந்தாள். வந்ததும் உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள். பிறகு, "இரு, நான் எதையாவது பாத்துத்தான் வரைவேன்" என்று பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து மேஜையில் பிரித்தாள்.

உள்ளே கசங்கி, இஸ்திரி போட்டு நிமிர்த்திய துண்டுக் காகிதங்கள். ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் அகலத்துக்கு முகங்கள். தும்மல் வரப்போகிற முகம், பொய் சொல்லிவிட்டு உதட்டைக் கடிக்கிற முகம், அழுது முடித்துப் பசி எடுத்த முகம். எல்லாம் இரண்டு மூன்று கோடுகளில். எனக்குச் சித்திரம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மனிதர்களின் முகத்தைப் படிப்பதில் எனக்கு முப்பது வருஷ அனுபவம். அவை ஒவ்வொன்றும் ஒரு ஆள்.

மைவிரல் மூச்சுவிடாமல் குனிந்தாள். "இந்தக் கீழிமையைப் பாரேன்! ஒரே கோடு. எடுத்த பேனாவை வெக்கவே இல்லை. இப்படி ஒண்ணு என் கையில வந்தா போதும்டி. யாரு வரைஞ்சது?"

சுருட்டை நிமிர்ந்து பார்த்தாள். "விளையாடறியா?"

"சத்தியமா தெரியலை. எந்தப் பெரிய ஆளு?"

"லூசு! நீதான்டி!"

அக்காள் ஓடிக்கொண்டிருந்த ஹேர் டிரையரை அணைத்தாள்.

"புது நிப்பு போட்டா மை சரியா இறங்குதான்னு டெஸ்ட் பண்ணுவியே, ஞாபகம் இருக்கா? நாங்க எல்லாம் கோடு போட்டுப் பாப்போம். நீ மூஞ்சியா போட்டுப் பாப்பே. பாத்துட்டுக் கசக்கிக் கூடையில போடுவே. நீ சாப்பிடப் போனதும் நான் எடுத்து வெப்பேன். அஞ்சு வருஷக் குப்பை இது."

"அது நிப்பு டெஸ்ட்டுடி" என்றாள் மைவிரல். "அதெல்லாம் வரைஞ்சதுல சேராது."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஆமாம்மா, காத்து உன் பக்கம் அடிச்சிருக்கும்!" என்றேன்.

சுருட்டை சிரிக்கவில்லை. "என் புக்குல இருக்கற ஒவ்வொரு மூஞ்சியும் இதைப் பாத்துப் போட்டதுதான். உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லலை. சொன்னா நீ வரைய ஆரம்பிச்சுடுவே, அப்புறம் என்னை யார் பாப்பா?" எழுந்து நாற்காலியைத் தள்ளினாள். "இன்னைக்கு உன் கதைப் பக்கத்துல, உன் முன்னாடியே, உன்னைக் காப்பியடிக்க எனக்கு வெக்கமா இருக்கு. உக்காரு. நாலரைக்கு நான் இதை எடுத்துட்டுக் கிளம்புவேன். வெறும் முட்டையா இருந்தாலும் எடுத்துட்டுத்தான் போவேன்."

மைவிரல் உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் டம்ளரில் இருந்த முனைகளை எண்ணுவது போலக் கிளறினாள். ஒரு புது முனையை எடுத்துப் பேனாவில் சொருகினாள். பழக்கதோஷம், சோதித்துப் பார்க்கத் துண்டுக் காகிதத்துக்குக் கை நீட்டினாள். அக்காள் அந்தக் காகிதத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"இந்தக் கடைசிப் பக்கத்துலயே டெஸ்ட் பண்ணு."

"அக்கா!"

"பண்ணுடி."

அவள் கீழிமையில் தொடங்கினாள். பேனா நீலக் குறியைக் கவனிக்கவே இல்லை, தரையில் கிடக்கும் கோலைத் தாண்டுவது போலத் தாண்டிப் போனது. ஒரே கோடு. பிறகு இன்னொரு கண். மூக்கு என்று இரண்டு புள்ளிகள்தான் வைத்தாள், முகத்தில் மூச்சு வந்துவிட்டது. தோள் அசையவில்லை, மணிக்கட்டு மட்டும் தண்ணீரில் மீன் போல. நான் பதினைந்து நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. இதை இந்தக் கட்டடத்தில் யாரும் நம்பப் போவதில்லை.

முடித்தபோது அந்தப் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். அழகி என்று சொல்ல முடியாது. களைத்த முகம். நூலைப் பல்லால் கடித்து அறுத்து அறுத்துக் கீழுதட்டில் விழுந்த தழும்பு. ஆனால் அந்தப் பார்வை, ஏழு தளபதிகளும் வரிசையாக வந்து நின்றாலும் தாழாது. அவள் வாய்க்குப் பக்கத்தில் இருந்த வட்டத்துக்குள் மைவிரல் எழுதினாள்: நான்தான் தைச்சேன்.

"இப்ப சொல்லு, எப்படி இருக்கு?" என்றாள் சுருட்டை.

மைவிரல் வெகுநேரம் பார்த்தாள். "கண்ணு நல்லா வந்திருக்கு" என்றாள். "காதுதான் கொஞ்சம்..." என்று தொடங்குவதற்குள் அக்காள் அவள் வாயைப் பொத்தினாள். சுருட்டை பக்கத்தைக் காயவைத்து, ஃபைலில் நுழைத்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

நானும் என் வீட்டு வாசலுக்கு இறங்கியிருப்பேன், மேலிருந்து செருப்பில்லாமல் தடதடவென்று ஓடிவந்தாள் மைவிரல். பக்கத்தைத் திரும்ப வாங்கத்தான் ஓடுகிறாள் என்று படியில் குறுக்கே கை நீட்டி மறித்தேன்.

"போனது போகட்டும்மா. காது எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அதுக்கில்லைக்கா," மூச்சு வாங்கியது, கையில் பேனா. "அடியில என் பேரை எழுத மறந்துட்டேன்."

சட்டென்று சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். இந்த மாடிப்படியில் இதுவரை நான் யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் வழிவிட்டதில்லை.