பின்சீற்றின் கறை

தில்லைநாதன் அந்த ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் காரை வாங்கி இரண்டு மாதந்தான் ஆகியிருந்தது. கொழும்பில் ஓய்வுபெற்ற நில அளவைச் சேவையர் ஒருவர் கண்ணுக்குக் கண்ணாக வைத்திருந்த கார். சீற்றுகளுக்கு வெளிர்சாம்பல் துணி, காலடியில் கருஞ்சிவப்புக் காப்பெற். மருதனார்மடம் சந்தியில் ஹயருக்கு நின்ற கார்களில் துணிச்சீற் போட்டது அது ஒன்றுதான். மீன்கூடையோடு வருபவர்களை அவன் ஏற்றமாட்டான். மழை நாளில் ஏறுபவர்களிடம் காலைத் தட்டிவிட்டு ஏறச் சொல்லுவான். சந்தியில் மற்றவர்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அவன் பொருட்படுத்தவில்லை. மாப்பிள்ளைக் காராகப் போவதற்கு அவனுடைய கார்தான் வேண்டுமென்று இப்போது ஊர் ஊராகக் கேட்டு வந்தார்கள்.

1967ஆம் ஆண்டு ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. காங்கேசன்துறையில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டுக் கடற்கரை ரோட்டால் திரும்பிக்கொண்டிருந்தான். மயிலிட்டிக்குக் கிட்ட ஒருவன் இரண்டு கையையும் விரித்தபடி ரோட்டின் நடுவில் வந்து நின்றான். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தான். வெறும் மேல். நெஞ்சு முழுக்க இரத்தம். அது அவனுடைய இரத்தமில்லை.

"அண்ணை, என்ரை தம்பி. கை போயிட்டுது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும் அண்ணை."

அவன் பெயர் கதிரவேலு. தம்பி சீவரத்தினத்தை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது கை மணிக்கட்டோடு இல்லை. அந்த இடத்தைச் சேலைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வயிற்றிலும் காயம். என்ன நடந்ததென்று யாரும் சொல்லவில்லை. தில்லைநாதன் கேட்கவுமில்லை. கடலில் களவாக டைனமைற் எறிந்து மீன் பிடிக்கிறவர்கள் உண்டென்பது எல்லோருக்கும் தெரியும். திரி கட்டையாக இருந்தால் கையிலேயே வெடிக்கும்.

அவன் கதவைத் திறந்தான். திறந்த கையோடு சீற்றைப் பார்த்தான். மறுநாள் வெள்ளிக்கிழமை, கொக்குவில் கனகசபாபதியரின் மகனுக்குக் கலியாணம். மாப்பிள்ளை இந்தச் சீற்றில்தான் இருந்து போகவேண்டும்.

"சாக்கு ஏதும் கொண்டு வாங்கோ, விரிப்பம்" என்றான்.

ஒருவன் மீன்வாடிக்கு ஓடிப்போய் இரண்டு சாக்குக் கொண்டுவந்தான். கதிரவேலுவும் தில்லைநாதனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சீற்றில் விரித்தார்கள். அதோடு புறப்பட்டிருக்கலாம். ஆனால் தில்லைநாதனின் கண் காப்பெற்றுக்குப் போனது.

"கீழுக்கும் வேணும்."

சாக்குக் கொண்டுவந்தவன் மறுபடியும் ஓடினான். வாடி கிட்டடியில் இல்லை. சீவரத்தினத்தைத் தூக்கிப் பிடித்தபடி மூன்று பேர் வெயிலில் நின்றார்கள். அவன் ஒருமுறை கண்ணைத் திறந்து, "தண்ணி" என்று கேட்டான். சாக்கு வந்து, விரித்து, ஏற்றிய பிறகு தில்லைநாதன் காரை மிதித்த மிதியில் கோழியும் ஆடும் தெறித்து ஓடின. அப்படி அவன் முன்னர் ஒருநாளும் ஓட்டியதில்லை. தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம் எல்லாம் தாண்டியாயிற்று. பின்னால் முனகல் கேட்டுக்கொண்டிருந்தது. கொக்குவில் கடக்கும்போது அது நின்றது. கதிரவேலு தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு அவனும் கூப்பிடுவதை நிறுத்தினான்.

ஆஸ்பத்திரி வாசலில் சீவரத்தினத்தைச் சவமாகத்தான் இறக்கினார்கள். சாக்கு இரத்தத்தைத் தாங்கவில்லை. பின்சீற்றின் நடுவில் ஒரு பேப்பர் அகலத்துக்குச் சிவந்திருந்தது. காப்பெற் கருஞ்சிவப்பு என்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை. தொட்டால் கையில் ஒட்டியது.

வீட்டுக்கு வந்ததும் அவனுடைய மனைவி குணலட்சுமி ஒரு கேள்வியும் கேட்காமல் கிடாரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்தாள். சவுக்காரத்தைச் சீவிப் போட்டுக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, தும்புக்கட்டையால் தேய்த்தார்கள். சிவப்பு மண்ணிறமானது. அதற்குமேல் அசையவில்லை. தேசிக்காயும் உப்பும் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் அவன் பெற்றோலில் துணியை நனைத்துத் துடைத்தான். கறை இன்னும் கொஞ்சம் அகன்றது. பின்னேரம் கார்க் கதவுகளைத் திறந்து வெயிலில் விட்டபோது இலையான் வந்து மொய்த்தது.

"வெள்ளைத் துணி விரிச்சு விடுவம். ஆர் தூக்கிப் பாக்கப் போகினம்?" என்றாள் குணலட்சுமி.

துணிக்குத் தேவையே வரவில்லை. பொழுதுபட முன்னரே கனகசபாபதியர் சைக்கிளில் வந்து படலையடியில் நின்றார். உள்ளே வரவில்லை.

"குறை நினையாதை தில்லைநாதன். சவம் ஏத்தின காரெண்டு பொம்பிளையள் கேள்விப்பட்டிட்டினம். நான் வேறை காருக்குச் சொல்லிப்போட்டன்."

"ஏத்தேக்கை உயிரோடைதான் ஐயா இருந்தவர்."

"அது சரி. இறக்கேக்கை?"

அவர் போனபின் தில்லைநாதன் நெடுநேரம் படலையடியிலேயே நின்றான். கலியாணம் கைவிட்டுப்போனது அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அது தெரியவில்லையே என்பதுதான் அவனைப் பயப்படுத்தியது. இரண்டாம் முறை சாக்குக்கு ஓடியவன் திரும்பிவர எவ்வளவு நேரம் எடுத்தது என்று மனம் கணக்குப் போட்டபடியே இருந்தது. ஐந்து நிமிடம் என்று ஒருமுறை வரும். பத்து என்று ஒருமுறை வரும். ஆஸ்பத்திரியில் யாரையாவது கேட்டிருக்கலாம், முந்தி வந்திருந்தால் தப்பியிருப்பானோ என்று. கேட்கத் துணிவு வரவில்லை.

ஒன்பதாம் நாள் காலை கதிரவேலு வந்தான். சைக்கிள் கரியரில் ஒரு தகரவாளியும் கட்டி உப்பும் இருந்தன. முகத்தில் தாடி வளர்ந்திருந்தது.

"உங்கடை கலியாண ஹயர் நிண்டுபோச்செண்டு கேள்விப்பட்டன் அண்ணை. சீற்றைக் கழுவித் தருவமெண்டு வந்தனான்."

"வேண்டாம் தம்பி. உனக்கேன் உந்த வேலை?"

"என்ரை தம்பியின்ரை இரத்தம். வேறை ஆர் கழுவுறது?"

கதவைத் திறந்து கறையைப் பார்த்ததும் அவன் திரும்பினான். "சுடுதண்ணி விட்டனீங்களோ?"

"ஓம்."

"விடப்படாது. சூடு பட்டால் இரத்தம் அவிஞ்சு துணியோடை ஒட்டிப்போம். நாங்கள் மீன் வெட்டுற சாரத்தைப் பச்சைத் தண்ணியிலைதான் ஊறப்போடுறது."

கிணற்றுத் தண்ணீரை அள்ளி, கைநிறைய உப்பைக் கரைத்து, துணியை நனைத்துக் கறையில் வைத்து ஒத்தினான். தேய்க்கவில்லை. ஒத்தி எடுத்து, பிழிந்து, மறுபடியும் ஒத்தினான். தில்லைநாதன் மற்றப் பக்கத்தால் ஏறி இருந்து காப்பெற்றில் அதையே செய்தான். வாளித் தண்ணீர் துருநிறமாக மாறியது. ஊற்றிவிட்டுப் புதுத்தண்ணீர் அள்ளினார்கள். நாலு வாளி, ஐந்து வாளி. கறையின் ஓரம் மட்டும் கொஞ்சம் வெளிறியது.

குனிந்தபடியே தில்லைநாதன் சொன்னான். "தம்பி, நான் ரெண்டாந்தரம் சாக்குக் கேட்டிருக்கப்படாது. என்ரை காப்பெற்றைப் பாத்தன். உன்ரை தம்பியைப் பாக்கேல்லை."

கதிரவேலுவின் கை நின்றது. அடிப்பான் என்றுதான் தில்லைநாதன் நினைத்தான். அடித்தால் நல்லது என்றும் தோன்றியது.

"சாக்கின்ரை மற்றத் தலைப்பை நான்தானே அண்ணை பிடிச்சனான்" என்றான் கதிரவேலு. "வாயைத் திறந்து ஒண்டும் சொல்லேல்லையே. பிறத்தியாற்றை கார் பழுதாப் போகுமெண்டு நானும் நினைச்சன்."

பிறகு, சீற்றைப் பார்த்தபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அதுக்கும் முதல் ஒண்டு இருக்கு. அவனைக் கரையிலை கிடத்திப்போட்டு, வள்ளத்திலை மிச்சமாக் கிடந்த வெடியை நான் தாழையடியிலை கிடங்கு கிண்டி மண்ணுக்கை தாட்டனான். பொலிஸ் வந்தால் எண்டு பயம். அவன் என்னைப் பாத்துக்கொண்டு கிடந்தவன். தாட்டு முடிச்சுப்போட்டுத்தான் ரோட்டுக்கு ஓடி வந்தனான். எவ்வளவு நேரம் போச்சுதெண்டு எனக்குத் தெரியும். செல்வநாயகிக்குத் தெரியாது. அவன்ரை பெண்சாதி. நான்தான் ஓடியோடித் தூக்கிக்கொண்டு போனதெண்டு எல்லாருக்கும் சொல்லி அழுகுது."

தில்லைநாதன் துணியை வாளியில் பிழிந்தான். அவனுடைய பாரம் குறையவில்லை. இன்னொருவனுடையதும் பக்கத்தில் வந்து இருந்துகொண்டது, அவ்வளவுதான்.

மணம் போகவில்லை என்று சீற்றைக் கழற்றிக் கவிழ்த்தார்கள். உள்ளே அடைத்திருந்த தும்பு நடுவில் கறுத்து இறுகிக் கட்டியாகக் கிடந்தது. மேலே எத்தனை வாளி ஊற்றியும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கவில்லை. கதிரவேலு மடியிலிருந்த கத்தியை எடுத்து அதைச் சுற்றி அறுத்தான். ஒரு பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் எடுத்து, தன் துவாயில் சுற்றிக் கட்டினான்.

"எறிஞ்சு விடன்" என்றான் தில்லைநாதன்.

"உதை எங்கை அண்ணை எறியிறது? கடல்லை கொண்டுபோய் விடுறன்."

குணலட்சுமி தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவன் நின்றபடியே குடித்தான். வாளியையும் துவாய் முடிச்சையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டபோது தில்லைநாதன் படலை வரைக்கும் கூடப் போனான்.

"செல்வநாயகிக்குச் சொல்லுவியோ?"

கதிரவேலு யோசித்தான். "சொன்னால் என்ரை முகத்திலை முழிக்கமாட்டாள். என்னை விட்டால் அவளுக்கு ஆரண்ணை இருக்கினம்?" என்றுவிட்டு மிதித்தான்.

தில்லைநாதன் திரும்பி வந்தான். நடுவில் ஓட்டை விழுந்த பின்சீற் முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தது. அது காய்வதற்கு முன்னரே சந்தியிலிருந்து ஆள் வந்தது. காய்ச்சலில் கிடக்கும் ஒரு கிழவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டுமாம்.

"பின்சீற் இல்லை. பாயை விரிச்சுக் கிடத்திக்கொண்டு போவம்" என்றான். சேர்ட்டை மாட்டிக்கொண்டு, குணலட்சுமி பாய் எடுத்து வருமுன்னரே காரை எடுத்துவிட்டான். பாதி வழியில்தான் பாய் இல்லையென்று நினைவு வந்தது. அவன் திரும்பவில்லை.