காணிக்கைப் பாட்டும் கால் சுவிட்சும்

எங்கள் கோயிலில் ஆள் பெயர் எழுதாத பொருள் என்று ஒன்றும் கிடையாது. டியூப்லைட்டில் பெயர், பெஞ்சில் பெயர், ஃபேனின் மூன்று இறக்கையிலும் பெயர். ஓடும்போது படிக்க முடியவில்லை என்று அந்த ஃபேன் வாங்கித் தந்த குடும்பம் குறைப்பட்டுக்கொண்டதால், பூசை முடிந்ததும் கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் முதலில் அதைத்தான் நிறுத்துவார். ஜனம் வியர்த்தாலும் பரவாயில்லை.

கம்பைநல்லூர் பக்கம் சின்னக் கத்தோலிக்கப் பங்கு எங்களுடையது. நான் அன்பரசி. அரூரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை, ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் கிட்டார். இந்த வருடத் திருவிழாவுக்குக் காணிக்கைப் பாட்டு என் மெட்டு. ஃபாதர் வரிகள் எழுதினார், நான் மெட்டுப் போட்டேன். இத்தனை வருடம் அடுத்தவர் மெட்டுக்கு ஓரமாக நின்று வாசித்தவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அந்தப் பாட்டில் பல்லவி முழுக்கக் கிட்டார் மெல்லிசாகப் போகும். பல்லவி முடிந்த அதே நொடியில் கரகரவென்று முழுச் சத்தத்தில் எழ வேண்டும். அங்கேதான் பாட்டின் உயிர். ஆம்ப்ளிபயரில் அதற்கொரு பட்டன் உண்டு, ஆனால் இரண்டு கையும் தந்தியில் இருக்கும்போது யார் போய் அமுக்குவது? அதற்குத்தான் கால் சுவிட்ச். தரையில் கிடக்கும், மிதித்தால் சத்தம் மாறும்.

எங்கள் ஆம்ப்ளிபயரோடு வந்த கால் சுவிட்சைப் போன கிறிஸ்மஸில் ஆரோக்கியராஜ் கொன்றுவிட்டான். குடில் ஜோடிக்கிற பையன்களுக்கு அவன்தான் தலைவன். கும்பிட வருகிறவர்கள் மிதித்தால் மேலே நட்சத்திரம் எரிய வேண்டும் என்று அவனுக்கு ஒரு ஞானம் பிறந்திருக்கிறது. ஒயரை வெட்டி நேராகக் கரண்டில் கொடுத்தான். முதல் ஆள் மிதித்ததும் நட்சத்திரம் எரிந்தது, சுவிட்சும் எரிந்தது.

"வேற வாங்கிக்கலாங்க்கா, இது என்னா பெரிய விசயம்?" என்றான்.

தருமபுரியில் இசைக்கருவி விற்கிற கடைக்குப் போனேன். "எந்த மாடலுங்க?" என்று கேட்டார் கடைக்காரர். முன்பக்கத்துப் பெயர்த் தகடு எப்போதோ பெயர்ந்து விழுந்துவிட்டது, தெரியாது என்றேன். "எல்லாம் ஒரே பின்னுதாங்க, இதையே போடுங்க" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பின் கச்சிதமாகத்தான் பொருந்தியது. ஆனால் மிதித்துக்கொண்டே இருக்கிற வரைக்கும்தான் கரகரப்பு, காலை எடுத்தால் போச்சு. அது கீபோர்டுக்கு ஸ்வரத்தை இழுக்கிற பெடல். நான் ஒற்றைக் காலை அழுத்திக்கொண்டு நொண்டியடித்து வாசிப்பதைப் பார்த்துக் குழுத் தலைவர் மாதவராஜ் விழுந்து விழுந்து சிரித்தார்.

கீபோர்டு அவருடையது. "எதுக்கு அன்பு இவ்வளவு கஷ்டம்? கீபோர்டுலயே கிட்டார் டோன் இருக்குது. அந்த எடத்தை நான் வாசிச்சிர்றேன், நீ பாடு" என்றார். அக்கறையாகச் சொல்வதுபோல்தான் சொன்னார். என் மெட்டில் எனக்கு இருந்த ஒரே இடத்தைப் பிடுங்கத்தான் இந்த அக்கறை என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

"திருவிழாவுக்குள்ள சுவிட்ச் வந்துரும்" என்றேன்.

ஒருமுறை மிதித்தால் நிற்கிற சுவிட்ச், மிதிக்கிறவரை மட்டும் வேலை செய்கிற சுவிட்ச் என்று இரண்டு வகை உண்டு. முதல் வகையிலும் ஆம்ப்ளிபயருக்கு ஆம்ப்ளிபயர் உள்ளே ஒயர் மாறும். மாடல் தெரியாமல் வாங்கினால் மறுபடியும் நொண்டியடிக்க வேண்டியதுதான். மாடல் எங்கே இருக்கும்? பின்பக்கம். பின்பக்கத்தில் என்ன இருந்தது? மூலைக்கு மூலை வெள்ளைப் பெயிண்ட் அடித்து, அதன்மேல் சிவப்பில் மேல் வரி 'அமரர் மரியசூசை நினைவாக', கீழ் வரி 'உபயம்: சவுரியப்பன் குடும்பத்தார்.' ஒயர் சொருகும் ஓட்டையை மட்டும் பெயிண்டர் பெரிய மனது பண்ணி விட்டுவைத்திருந்தார்.

நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தேன். மேல் வரி கரைந்தது. கரையக் கரைய அடியில் கம்பெனி எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மாடல் நம்பர் வந்தது. ஓட்டைக்குப் பக்கத்தில் எந்த வகை சுவிட்ச் என்று அச்சடித்திருந்ததும் வந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தேவையானது தெரிந்ததும் நிறுத்திவிட்டேன், கீழ் வரி அப்படியே இருந்தது. திருவிழா முடிந்ததும் பெயிண்டரைக் கூட்டிவந்து மேல் வரியைத் திரும்ப எழுதிவிடலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், யார் வேண்டுமானாலும் நம்பலாம், நம்பாமல் போகலாம்.

ஆன்லைனில் ஆர்டர் போட்டு, திருவிழாவுக்கு முந்தின நாள் சுவிட்ச் வந்து சேர்ந்தது. ஒத்திகையில் மாட்டி மிதித்தேன். பல்லவி முடிந்தது, கால் இறங்கியது, கோயில் சுவரே அதிர்கிற மாதிரி கிட்டார் எழுந்தது. பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் பாட்டை விட்டுவிட்டுக் கை தட்டினார்கள். இவ்வளவு சந்தோஷமாக நான் எப்போது இருந்தேன் என்று நினைவில்லை.

மாதவராஜ் கை தட்டவில்லை. எழுந்து ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் போனார், போனை எடுத்து ஒரு போட்டோ எடுத்தார். பங்கு வாட்ஸப் குழுவில் அது வந்தபோது கீழே ஒரு வார்த்தைகூட எழுதியிருக்கவில்லை. கெட்டிக்காரர்.

இருட்டுவதற்குள் சவுரியப்பன் குட்டியானை வண்டியோடு வந்துவிட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. பின்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

"எங்க அப்பா பேருங்க அது" என்றார் ஃபாதரிடம். "கல்லறையிலகூட இன்னும் பேரு வெட்டல. இங்கதான் எழுதியிருந்துச்சு."

"நாளைக்கே எழுதித் தர்றேங்க. மாடல் நம்பர் அடியில இருந்துச்சு, அதனாலதான்..." என்றேன்.

"அழிக்கிறதுக்கு முந்தி எங்க வூட்டுக்கு ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

சொல்லியிருந்தால் விட்டிருப்பாரா என்று மட்டும் மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். பாதி கட்டி நிற்கிற சுற்றுச்சுவர் அவர் தயவில்தான் முடிய வேண்டும், அதனால் ஃபாதர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "பெரியவங்க மனசு நோகக் கூடாதும்மா" என்றார். ஆம்ப்ளிபயர் வண்டியில் ஏறியது. சவுரியப்பன் வீட்டில் கிட்டார் வாசிக்க ஒருவர்கூட இல்லை.

வேறு ஆம்ப்ளிபயர் கேட்டு நான்கு பேருக்குப் போன் போட்டேன். கிடைக்கவில்லை.

மறுநாள் திருவிழாப் பூசை. காணிக்கைப் பாட்டில் பல்லவி முடிந்ததும் மாதவராஜ் கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டி என் இடத்தை வாசித்தார். ஒரு ஸ்வரம் பிசகவில்லை, அது வேறு எரிச்சல். பெண்கள் வரிசையில் பாட்டுத் தாளைப் பிடித்துக்கொண்டு நான் பாடினேன். சுவிட்ச் பெட்டி பிரித்தபடியே என் பையில் கிடந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தபோது சவுரியப்பன் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். வெள்ளை வேட்டி, முகத்தில் நேற்றைய கோபத்தின் சுவடே இல்லை.

"நேத்து நடந்ததை மனசுல வெச்சுக்காத கண்ணு. பாரு, எங்க மிசினு இல்லைன்னு பாட்டு நின்னா போச்சு? கிட்டாரு சத்தம் ஒரு துளி கொறையல. அருமையா வாசிச்ச."

"நான் வாசிக்கலைங்க. அது கீபோர்டு. மாதவராஜ் வாசிச்சாரு."

அவர் என் தலையில் கை வைத்தார். நிஜமான பிரியத்தோடுதான் வைத்தார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"யாரு வாசிச்சா என்ன கண்ணு? சாமிக்குத்தானே" என்று சொல்லிவிட்டு, தேர் இழுக்கிற ஏலத்துக்குத் தன் பெயரைக் கொடுக்கப் போனார்.