காத்திருப்பு அறையில் எடுத்த படம்

சுற்றுலா முடிந்து வீடு திரும்பிய எலக்ட்ரீஷியனும் அவர் மனைவியும் பெட்டிகளைக்கூட இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. அதற்குள் மகள் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

“போன இடத்துல எதுப்பா ரொம்ப அழகு?”

அருவியா, அரண்மனையா என்று மனைவி யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் சொல்லிவிட்டார். “ரயில் மாறுறதுக்குக் காத்திருந்தோமே, அந்த ஸ்டேஷன் ரூம்.”

மனைவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் வேடிக்கை பார்த்துக்கொண்டே நின்றதில் ஒரு ரயிலைத் தவறவிட்டிருந்தார்கள். அந்த ஆத்திரத்தில் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் அவள் உட்கார்ந்திருந்த இடம் அது.

“ஏங்க, அங்க நாம சண்டை போட்டுக்கிட்டு இருந்தோம். ரயில் வர்ற வரைக்கும் நான் உங்ககூடப் பேசவே இல்ல.”

“சண்டையா? நீ அசதியா இருக்கேன்னுல்ல நான் நினைச்சேன்.”

மகள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். “அம்மா அவ்வளவு நேரம் பேசாம இருந்தா அது அசதியாப்பா?”

அவர் ஒன்றும் புரியாமல் போனை எடுத்துக் காட்டினார். மழை விட்ட வெயில் ஈரக் கண்ணாடி வழியாக வந்து பெஞ்சு முழுக்கப் பரவியிருந்தது. அதன் நடுவே, கொண்டை அவிழ்ந்து தோளில் சரிய, அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவி விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். அந்த வெயிலை அன்றைக்கு அவள் கவனிக்கவே இல்லை. படத்தில் இருப்பவளைப் பார்த்தால் கோபக்காரி மாதிரியும் தெரியவில்லை.

திட்டுவதா, சந்தோஷப்படுவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

“எனக்கும் இதை அனுப்புங்க” என்றாள், முகத்தை இன்னும் கொஞ்சம் உர்ரென்றே வைத்துக்கொண்டு.