இன்றைக்கு யாருக்கு நன்றி

ஓரகத்தியைப் பற்றி ஓரகத்தி நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனாலும் சொல்கிறேன். என் கணவரின் அண்ணன் மனைவி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அண்ணனை வீட்டில் எல்லோரும் பெரியவர் என்போம். துறைமுகத்தில் கிரேன் இயக்கியவர். ஒரு மழைநாளில் கிரேன் ஏணியில் கால் வழுக்கி விழுந்தார். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்குக் கூடத்து ஜன்னலோரம் கட்டில் போட்டோம். வீட்டையே அதட்டிக்கொண்டிருந்த மனிதர், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். யார் வாயைத் திறந்தாலும் எரிந்து விழுந்தார்.

பிள்ளைகள் இறங்கிய பிறகு காலிப் பேருந்தில் உட்கார்ந்து அழுதுவிட்டு வருவதை அக்கா எனக்கு மட்டும்தான் சொன்னார். பிறகு ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். மாலையில் முகம் கழுவியதும், கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு, அன்று யாருக்கு நன்றி சொல்லத் தோன்றியது என்று சொல்வார்.

"சந்துல வண்டியைத் திருப்ப முடியாம முழிச்சிட்டிருந்தேன். பழக்கடைக்காரர் மழையில நனைஞ்சுட்டே தள்ளுவண்டியை நகர்த்தி வழி விட்டாரு."

பெரியவர் கொதித்துப் போனார். "எனக்குக் கால் போயிடுச்சு. நீ பழக்கடைக்காரன் புராணம் பாடறியா? விழுந்ததுக்கும் சேர்த்து நன்றி சொல்லணுமா?"

"அதுக்கு எதுக்குச் சொல்லணும்? அந்த ஏணியை நானும் தினம் சபிச்சுட்டுத்தான் இருக்கேன்," என்றார் அக்கா. "உங்க கைக்குப் பயிற்சி கொடுக்க ஆள் வர்றாங்கல்ல? இது என் மனசுக்கு. இதைப் பண்ணலன்னா என்னால ஸ்டீயரிங் பிடிக்க முடியாது. கேக்கப் பிடிக்கலன்னா காதைப் பொத்திக்குங்க."

அவர் நிஜமாகவே பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அக்கா நிறுத்தவில்லை. எல்லாம் நல்லபடி நடந்தது என்று மொட்டையாகச் சொல்ல மாட்டார். யார், என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்று கண்முன் கொண்டுவந்து நிறுத்துவார். சில நாள் ஒன்றுமே சிக்காமல் நெற்றியைத் தேய்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

"கிடைக்கலன்னா விடேன்க்கா," என்பேன்.

"இரு, தேடறேன்."

அந்தத் தேடலைத்தான் நான் வாய் பிளந்து பார்த்தேன். நாளடைவில் பெரியவரின் கைகள் காதை விட்டு இறங்கின. பேருந்தில் வரும் ஒரு சிறுமியைப் பற்றி அக்கா சொல்லி நிறுத்தினால், "அப்புறம் அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு?" என்று கேட்கவும் ஆரம்பித்தார்.

பிறகு, இனி நடக்க வாய்ப்பில்லை என்று டாக்டர் சொன்ன நாள் வந்தது. வீடு திரும்பியதும் அக்கா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். கையில் பாத்திரம் எதுவும் இல்லை. நான் அருகில் போய்க் குழாயை மூடினேன்.

பின்னால் சக்கர நாற்காலி உருளும் சத்தம். அதுவரை யாராவது தள்ளினால்தான் பெரியவர் நகர்வார். அன்று தானே உருட்டிக்கொண்டு வந்து, கதவு நிலையில் இடித்து நின்றார்.

"இன்னிக்கு நான் சொல்றேன்," என்றார். "அந்த டாக்டர் சுத்தி வளைக்கல. எனக்குச் சமமா உட்கார்ந்து, உன்னைப் பார்க்காம என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரு. என்னை மனுஷனா நடத்தினாரு. அதுக்கு நன்றி." கொஞ்சம் தயங்கி, "இன்னொண்ணும் இருக்கு. இவ முன்னாடி சொல்ல மாட்டேன்," என்று என்னைக் காட்டினார்.

நான் கூடத்துக்கு நழுவினேன். அக்கா வாய்விட்டு அழுவது கேட்டது. பிறகு இருவரும் சிரிப்பதும் கேட்டது.

இப்போது பெரியவர் துறைமுகத்தின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வயர்லெஸ்ஸில் கிரேன்காரர்களுக்கு வழி சொல்கிறார். முன்கோபம் போகவில்லை, கத்தத்தான் செய்கிறார். ஆனால் காற்றடிக்கும்போது யாராவது சரக்குப் பெட்டியை ஆடாமல் இறக்கினால், அதைச் சொல்லி நன்றி சொல்லாமல் விடுவதில்லை.

போன வாரம் வந்த உறவுக்காரர் ஒருவர், "விபத்துதான் இவரை மாத்திடுச்சு," என்றார்.

"விபத்து அவர் காலைத்தான் எடுத்துச்சு," என்றார் அக்கா. "மாறினது அவரா மாறினதுங்க."

தன் பங்கைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை. அதனால்தான் நான் சொல்லவேண்டி வந்தது.