சாக்கடையில் கொட்டிய பீர்

மெடார்ட் பீர் காய்ச்சும் பீர்க்கூடத்துப் புகைபோக்கியில் புகை வந்தால்தான் அவன் மனைவி ஸுல்மாவுக்கு மூச்சு வரும். 1917 ஜனவரியில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அதன் காரணம் தெரிந்திருந்தது. ஊரைக் கைப்பற்றியிருந்த ஜெர்மன்காரர்கள் வேலையில்லாத ஆண்களைப் பிடித்து, போர்முனைக்குப் பின்னால் தண்டவாளம் போடவும் மரம் வெட்டவும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நெசவாலை மூடியதும் நெசவாளர்கள் போனார்கள். செங்கல் சூளை அணைந்ததும் சூளைக்காரர்கள் போனார்கள். அவர்களில் திரும்பி வந்தவன் ஒருவன்தான். அவனால் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. பீர்க்கூடம் ஓடும்வரை மெடார்ட் வேலையுள்ளவன்.

ஓடியது என்பதும் பேருக்குத்தான். பார்லி ராணுவக் குதிரைகளுக்குப் போய்விட்டது. கொடுத்த கொஞ்சம் தானியத்தோடு பீட் கிழங்கையும் சிக்கரியையும் சேர்த்துக் காய்ச்சினான். முன்பெல்லாம் காய்ச்சிய பிறகு மிஞ்சும் சக்கையை மாடுகளுக்காக விவசாயிகள் அள்ளிப் போவார்கள். இப்போது பெண்கள் இடுப்பில் கட்டிய முன்துணியை விரித்துக்கொண்டு வந்தார்கள், ரொட்டியில் பிசைவதற்கு.

மூலைக் கடையில் பீர் விற்கும் சிடோனி மட்டும் வாய் ஓயாமல் கிண்டல் செய்வாள்.

"மெடார்ட் அண்ணே, நேத்து என் கடையில எட்டு கிளாஸ் குடிச்சவன் கோடு போட்ட மாதிரி நேரா நடந்து வீட்டுக்குப் போறான். அவன் பொண்டாட்டி பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டுட்டா!"

முன்பென்றால் மெடார்ட் அவளுக்கு இரண்டு மடங்கு திருப்பிக் கொடுத்திருப்பான். இப்போது தலையை மட்டும் ஆட்டினான். வீட்டிலும் அப்படித்தான். சாப்பாட்டு மேசையில் எதிரே, ஆளில்லாத கோட்டு ஒன்றை நாற்காலியில் மாட்டி வைத்தது போல உட்கார்ந்திருப்பான். ஸுல்மா தானே பேசி, தானே பதில் சொல்லிக்கொள்வாள்.

அந்தத் திங்கட்கிழமை அவன் பீப்பாயில் கரண்டியை விட்டுத் தூக்கியபோது, பீர் சொட்டாமல் நூல் நூலாக நீண்டது.

எங்கள் ஊரில் இப்படிக் கெட்டு நூல் விட்ட பீரை என்ன செய்வது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அன்றைக்கே, வெளிச்சத்தில், காய்ச்சியவனே தெருச் சாக்கடையில் கொட்ட வேண்டும். ஒரு சொட்டும் கடைக்குப் போகவில்லை என்று தெரு பார்க்க வேண்டும். கொட்டியவனிடம் அடுத்த வாரம் நம்பி வாங்குவார்கள்.

"குடிச்சா செத்துடுவாங்களா?" என்று கேட்டாள் ஸுல்மா.

"சாகமாட்டாங்க. வயித்தால போகும்."

"அப்போ கடைக்கு அனுப்பிடுங்க."

"குழந்தைங்களும் தண்ணிக்குப் பதிலா இதைத்தானே குடிக்குது, ஸுல்மா. இந்தக் குளிர்ல வயித்தால போனா அதுங்க தாங்குமா?"

"சரி, விக்க வேணாம். அப்படியே மூடி வைங்க. வியாழக்கிழமை மேற்பார்வைக்கு வர்ற ஜெர்மன்காரன் பீப்பாயைத் தட்டிப் பாத்துட்டுப் போகட்டும். பீரும் இல்லாம, வித்த கணக்கும் இல்லாம இருந்தா வேலையில்லாதவன்னு உங்களைப் பிடிச்சிடுவாங்க. அப்புறம் கொட்டிக்கலாம்."

"மூணு நாள் வச்சிருந்தா, விக்கிறதுக்குத்தான் வச்சிருந்தான்னு சொல்வாங்க. எங்க அப்பா ஒரு மணி நேரம்கூட வச்சதில்ல."

"உங்க அப்பாவை யாரும் வண்டியில ஏத்தலீங்க!"

"இந்தப் பீப்பாயில என் பேர் இருக்கு. வேற எதை மிச்சம் வச்சிருக்காங்க எனக்கு, சொல்லு?"

அவன் குரல் உயர்ந்தது. கன்னத்தில் ரத்தம் ஏறியது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, கோட்டுக்குள் ஓர் ஆள் இருந்தான். அவள் கல்யாணம் செய்துகொண்ட ஆள். ஸுல்மா அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மரச்சுத்தியலை எடுத்து முதல் பீப்பாயின் அடைப்பைத் தானே தட்டிவிட்டாள்.

நாங்கள் எல்லோரும் வாசலுக்கு வந்தோம். பழுப்பு நிறத்தில் பீர் கற்களுக்கிடையே ஓடியது. கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

"இன்னிக்கு ஊர் எலிங்களுக்கெல்லாம் கல்யாண விருந்து!" என்றாள் சிடோனி.

"சொல்லி வை, நாளைக்கு வயித்து வலின்னு எவனும் என் கதவைத் தட்டக் கூடாது," என்றான் மெடார்ட். அவன் சிரித்தான். ஸுல்மாவும் சிரித்தாள்.

வியாழக்கிழமை மேற்பார்வைக்கு வந்த ஜெர்மன் கார்ப்பரல் வயதானவர், கெட்டவர் இல்லை. பீப்பாய்களை விரல் மடக்கித் தட்டினார். எல்லாம் காலிப் பீப்பாயின் சத்தம்.

"பீர் எங்கே?"

மெடார்ட் வாயைத் திறப்பதற்குள் ஸுல்மா முந்திக்கொண்டாள். "எல்லாம் வித்துப்போச்சுங்க ஐயா. மூலைக் கடைக்குப் போயிடுச்சு. அடுத்த தடவை காய்ச்சத்தான் அடுப்பைத் தயார் பண்றோம்."

கார்ப்பரல் தலையசைத்தார். அவருக்கு அது போதும் போலிருந்தது. தெருவில் இறங்கியவர், போகிற வழியில் சிடோனியின் கடையில் ஒரு கிளாஸ் கேட்டார்.

"பீரா? இல்லீங்களே," என்றாள் சிடோனி.

"மெடார்ட் உனக்குத்தான் விற்றானாமே?"

சிடோனிக்குச் சுருக்கென்றது. கெட்டுப்போன பீரை மெடார்ட் விற்றுவிட்டான் என்று யாரோ வத்தி வைத்துவிட்டதாக நினைத்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டாள்.

"எவன் சொன்னது? அவர் அப்படிப்பட்ட மனுஷன் இல்லீங்க! ஒரு சொட்டு விக்கல. அத்தனையையும் சாக்கடையில கொட்டினாரு. வேணும்னா கேளுங்க, இந்தத் தெருவே பாத்துச்சு!"

எதிர்வீட்டுக் கிழவர் ஆமாம் என்று தலையாட்டினார். பக்கத்து வீட்டுக்காரி சாக்கடையைக் காட்டினாள். அதில் பழுப்புப் பனிக்கட்டி இன்னும் உறைந்து கிடந்தது. பீர்க்கூடத்து வாசலில் நின்ற ஸுல்மா சைகை காட்டினாள், தலையை ஆட்டினாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் மெடார்டின் நேர்மைக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கார்ப்பரல் திரும்பி வந்தார். ஸுல்மாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். பீர் இல்லை என்றால் பீர்க்கூடமும் இல்லை. பீர் காய்ச்சும் செம்புக் கொப்பரையைப் போருக்கு உருக்க உடைத்து எடுத்துப் போக ஆள் வரும். மெடார்ட் சனிக்கிழமை காலை ஒரு போர்வையோடு தேவாலயச் சதுக்கத்துக்கு வர வேண்டும்.

சனிக்கிழமை சதுக்கத்தில் வரிசையில் நிற்கும்போது மெடார்ட் கேட்டான்.

"என் மேல கோபமா?"

"இல்லீங்க."

"நீ பொய் சொல்லிட்ட. எனக்குத்தான் உடனே வாய் வரல. வந்திருந்தா நானே உண்மையைச் சொல்லியிருப்பேன்னு நெனைக்கிறேன்."

"எனக்குத் தெரியும். சத்தம் போடாதீங்க, பாக்குறாங்க."

அவன் கழுத்துத் துணியை அவள் இறுக்கிக் கட்டினாள். அவிழ்த்து மறுபடி கட்டினாள். மூன்றாவது முறை கட்டுவதற்குள் ஒரு சிப்பாய் அவளை விலக்கிவிட்டான்.

வண்டி போன பிறகு சிடோனி அழுதுகொண்டே வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"ஸுல்மா, நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்…"

"தெரியும்டி," என்றாள் ஸுல்மா. "நீ நல்லவதான். அவரும் நல்லவரு. இந்தத் தெருவே நல்ல தெரு."

கையை உருவிக்கொண்டு அவள் நடந்தாள். எங்களில் யாரும் அவளோடு போகத் துணியவில்லை. அவள் வீட்டுப் பக்கமிருந்து, செம்புக் கொப்பரையைச் சம்மட்டியால் உடைக்கும் சத்தம் அதற்குள் கேட்கத் தொடங்கியிருந்தது.