அவர் திரும்பக் கேட்ட பேட்டி

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை அக்காவிடம் சுட்டது. அக்கா நர்சிங் கல்லூரிப் பேராசிரியர். நீதிமன்றம் அனுப்பிவைக்கும் மனநோயாளிகளின் பூட்டிய வார்டில் ஆராய்ச்சி செய்கிறாள். போன ஞாயிறு துணி மடித்துக்கொண்டே ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னாள். எனக்கு எழுதக் கை பரபரத்தது.

2

இரும்புக் கதவு கிரீச்சென்று...

(அந்த வரியை அடித்தாயிற்று. "கண்ணாடிக் கதவுடா, சத்தமே வராது. எந்தக் காலத்துல இருக்கே?" என்றாள் அக்கா.)

அவர் ஒரு தச்சர். நோய் முற்றியிருந்த ஒரு மதியம், சொந்தத் தம்பியை...

(இதை முடிக்க எனக்கே மனம் வரவில்லை.)

ஒன்பது வருடமாக அதைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை. அக்கா ஆறு வாரம் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏழாவது வாரம் நாற்பது நிமிடம் பேசினார். அக்காவின் இரண்டு வருட ஆராய்ச்சிக்கு அந்தப் பேட்டிதான் முதுகெலும்பு.

3

ஆராய்ச்சிக் கட்டுரை அச்சுக்குப் போக ஒரு வாரம் இருக்கையில் அவர் அக்காவைக் கூப்பிட்டார்.

"மேடம், என் பொண்ணு உங்க காலேஜ்ல சேந்திருக்கா. நான் பேசினதை எடுத்துடுங்க."

"உங்க பேரே அதுல வராதுங்க."

"பேரு எதுக்கு? அப்பன் பேச்சு மகளுக்குத் தெரியாதா? கேஸ்ல இருக்கறதெல்லாம் அவளுக்குத் தெரியும். மீதி என் வாயால வரணும்."

அச்சாகும்வரை யாரும் பேட்டியைத் திரும்பப் பெறலாம் என்று சம்மதப் படிவத்தில் எழுதியதே அக்காதான்.

"எடுத்துட்டியா? பைத்தியமா உனக்கு?" என்றேன்.

"அந்த வார்த்தை என் வீட்டுல வேண்டாம். எடுத்துட்டேன்" என்றவள், ஒரே தலையணை உறையை மூன்றாம் முறையாக மடித்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

4

ஆனாலும் நான் விடவில்லை. அக்கா சொன்னதை வைத்து அந்த நாற்பது நிமிடத்தைப் பதினோரு வரியில் எழுதினேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் எழுதியதிலேயே நல்ல வரிகள். படித்துக் காட்டினேன். அக்கா அழுதாள்.

"நல்லாயிருக்குடா. அவர்கிட்ட கேட்டியா?"

"கதைதானே அக்கா! அவர் தச்சரே இல்லையே, நான்தானே மாத்தினேன்."

"பேச்சை மாத்தினியா?"

மாற்றவில்லை. மாற்றினால் அதில் என்ன இருக்கிறது?

5

[                    ]

வாசகர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே இருந்த பதினோரு வரிகளை எடுத்துவிட்டேன். முடிவும் என்னிடம் இல்லை.

ஒருவேளை இதைப் படிப்பது நீதான் என்றால், அம்மாடி, உன் அப்பா ஒருநாள் உன்னிடம் சொல்வார். என் வரிகளைவிட நன்றாகவே சொல்வார். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.